செக்போஸ்ட் பிரெஞ்சில் ஒரு சம்பந்தம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் நம்பாத ஆள் கிடையாது. பட்டாளத்தில் இருந்தபோது காங்கோ நாட்டுக்கு அமைதிப்படையில் அனுப்பினார்கள். அங்கே செக்போஸ்ட்டில் நின்று, வருகிற லாரிகளை மறித்து நான் கத்தியதுதான் என் பிரெஞ்சு. நில், இறங்கு, பேப்பரைக் காட்டு, பின்கதவைத் திற, போ. மொத்தப் பாடமும் அவ்வளவுதான். சந்தையில் தக்காளி விற்ற அம்மாவிடம் பேரம் பேசியதில் இன்னும் கொஞ்சம் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. வரும்போது ஒரு குட்டி ஆங்கிலம்-பிரெஞ்சு அகராதியையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன்.

ஓய்வுபெற்று மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆன பிறகு, டீக்கடையில் யாராவது ஆரம்பிப்பார்கள். "அண்ணாச்சி, பிரெஞ்சுல ஏதாச்சும் சொல்லுங்களேன்." நான் 'பின்கதவைத் திற' என்பதைக் கொஞ்சம் இழுத்து, ராகம் போட்டுச் சொல்வேன். "அடேயப்பா, என்னா இனிமையான பாஷை!" என்று உருகிப்போவார்கள். இப்படியே நிம்மதியாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு வேட்டு வைத்தவள் என் அக்கா மகள். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள், அவளுக்கு இவள் ஒரே பிள்ளை. மேல்படிப்புக்குப் பிரான்சுக்குப் போனவள் அங்கேயே வேலையைத் தேடிக்கொண்டாள், கூட வேலை பார்க்கிற பிரெஞ்சுப் பையன் ஒருவனையும் தேடிக்கொண்டாள். அவள் அப்பா, அதாவது என் அத்தான், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். விஷயம் தெரிந்தால் வீடு இரண்டாகும் என்று நாங்கள் எல்லோரும் தயாராக இருந்தோம். மனிதர் சத்தமே போடவில்லை. "பையனைப் பெத்தவிய நேர்ல வந்து பொண்ணு கேக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்று மட்டும் சொன்னார். கடல் தாண்டி எவன் வரப் போகிறான் என்பது அவர் கணக்கு. போலீஸ்காரன் போட்ட கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது? போன தை பிறந்ததும் பையனின் அப்பாவும் அம்மாவும் மதுரையில் வந்து இறங்கிவிட்டார்கள்.

பையனும் பெண்ணும் கூடவே வந்திருந்தார்கள். அவர்களே மொழிபெயர்த்தால் ஆகாதா என்று கேட்டேன். "ஏ-ஒன் அக்யூஸ்டும் ஏ-டூ அக்யூஸ்டும் சேந்து சாட்சிக்கு அர்த்தம் சொல்லுவாங்களோ?" என்று அத்தான் என்னையே திருப்பிக் கேட்டார். பேச்சு முடிகிறவரை இருவரும் ராஜபாளையத்தில் என் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. போனில் மொழிபெயர்க்கிற வசதி இருக்கிறதே என்றேன். அது ரெக்கார்ட் ஆகும் என்றார். கடைசியில் மொழிபெயர்க்க நான்தான் மிச்சம். அந்த அகராதியைத் தூசி தட்டி எடுத்தேன்.

பையனின் அப்பாவான அந்தப் பெரியவர் ஆறடிக்கு மேல் உயரம், வெயில் படாமலே சிவந்த முகம், கட்டை கட்டையான விரல்கள். பையனின் அம்மா ஒல்லி, நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். கிளம்புமுன் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்த முடியிலும் எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா விடாப்பிடியாக நாலைந்து ஹேர்பின்னைக் குத்தி மல்லிகை வைத்துவிட்டார். காரில் ஏறியதும் "அஸேயே வூ!" என்றேன். 'உட்கார்' என்று அர்த்தம். ஏற்கனவே உட்கார்ந்திருந்த இருவரும் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் பிரெஞ்சில் எல்லாமே கட்டளைதான், நான் என்ன செய்ய?

அத்தான் வீட்டு வாசலிலேயே ஒரு தாம்பாளம். எல்லோருடைய போனும் அதில். பெரியவர் போனை வைக்க மனசில்லாமல் வைத்தார். ஊரில் தம்பியிடம் எதையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம், மணிக்கொரு தரம் விசாரிக்க வேண்டுமாம். எதை என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளே அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் இருந்தார். ஆள் இளைத்திருந்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை போய்ப் போய் வந்தது. என்ன அத்தான் என்று கேட்டதற்கு, "சுகர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சுவரோரமாக அவருடைய சித்தப்பா, மம்சாபுரத்து விவசாயி, வீட்டுக்குப் பெரியவர் என்கிற முறையில் வந்து, முறைப்படியே தூங்கிக்கொண்டிருந்தார்.

எதிரே பால்கோவாவும் காராச்சேவும் காபியும் வந்தன. சம்பந்தம் பேசப் போன வீட்டில் அதுவரைதான் சாப்பிடலாம். பேசி முடியாமல் கை நனைக்கக் கூடாது. அந்த வீட்டுச் சோற்றைத் தின்றால் சம்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், போட்டவர்களும் கொடுத்ததாக அர்த்தம். இதை விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் 'பின்கதவைத் திற' என்கிற பிரெஞ்சை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படி விளக்குவது?

"தமிழ்லயே கேளுங்க அத்தான், நான் சொல்லிருதேன்" என்றேன்.

"ஃபாரின் பார்ட்டி வந்திருக்கு. தமிழ்ல பேசுனா நல்லாவா இருக்கும்?" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். அதோடு எனக்குச் சனி பிடித்தது.

இங்கிலீஷ் வார்த்தை எங்கள் டவுன் பஸ் மாதிரி. சேத்தூருக்குப் போகிறவனும் ஏறலாம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனும் ஏறலாம், ஆட்டுக்குட்டியும் ஏறலாம். பிரெஞ்சில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வண்டி. அகராதியில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு எதிரே ஏழெட்டுப் பிரெஞ்சு வார்த்தைகள் வரிசை கட்டி நிற்கின்றன. எதைப் பிடிப்பது என்று சொல்ல அதில் ஆள் இல்லை. அத்தானோ முப்பது வருஷமாகப் பத்துப் பதினைந்து இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்துக்கொண்டே மொத்த உலகத்தையும் விசாரித்தவர்.

முதல் கேள்வி, பையன் மேல் 'கேஸ்' ஏதும் உண்டா. அகராதியைப் பிரித்தேன். வழக்குக்கு ஒரு வார்த்தை, நோயாளிக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு ஒன்று, துணிப்பெட்டிக்கு ஒன்று. அவசரத்தில் கையில் அகப்பட்டதைச் சொன்னேன். பெரியவர் சந்தோஷமாக இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு இருக்காம் அத்தான்."

"ரெண்டா! எந்த ஸ்டேஷன்ல?"

"லாட்ஜ்லதான் வச்சிருக்காகளாம்" என்று சொல்லும்போதுதான் நான் பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. திருத்தி, வழக்குக்கான சரியான வார்த்தையைச் சொன்னேன். அது 'அஃபேர்'. அத்தான் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார். "என்ன மாப்ள, அஃபேருங்கிற?" கேஸ் ஒன்றும் இல்லையாம் என்று சொல்லி அவரை உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பட்டாளத்தில் துப்பாக்கிக்கு முன்னால்கூட நான் இப்படி வேர்த்ததில்லை.

அடுத்து, வீட்டை 'ரன்' பண்ணுவது யார். அகராதியில் அதற்கு நேராக முதலில் இருந்தது ஓடுவது. வீட்டில் யார் ஓடுகிறார்கள் என்று கேட்டுவைத்தேன். பெரியவர் நெற்றியைச் சுருக்கி நியாயமாக யோசித்தார். வீட்டுக்குள் யாரும் இல்லை, வெளியே முற்றத்தில் கன்றுக்குட்டிகள் ஓடும் என்றார். அப்போதுதான் எனக்கே விளங்கியது, அவர்கள் மாடு வளர்த்துப் பால் கறந்து விற்கிறவர்கள். போனைப் பிடுங்கியதில் அவர் தவித்தது மாட்டை நினைத்துத்தான்.

"மாட்டுக்காரனா?" என்றார் அத்தான் தமிழில், உதட்டைப் பிதுக்கி. அவருடைய அப்பா காலம் முழுக்க மம்சாபுரத்தில் மாட்டோடு மாடாகக் கிடந்தவர் என்பதை இந்த இடத்தில் சொன்னால் எனக்கு அக்கா வீட்டு வாசல் அடைபடும். மாடு என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தப்பா மட்டும் கண்ணைத் திறந்து, பெரியவரிடம் கையாலேயே மடி எவ்வளவு பெரிசு என்று விசாரித்தார். பெரியவரும் கையாலேயே காட்டினார். அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

பையன் குடிப்பானா என்று அடுத்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் வைன் என்றார் அந்த அம்மா. "ஞாயித்துக்கிழமை மட்டும், திராட்சை ரசம், சர்ச்சுல குடுக்காகள்லா, அந்த மாதிரி" என்று நான் கொஞ்சம் மஞ்சள் பூசிச் சொன்னேன். அக்கா அடுப்படி வாசலில் இருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் யார் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு, பையன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார். வாட் கைண்ட் ஆஃப் பாய். அந்தக் 'கைண்ட்'டுக்கு அகராதியில் வகை என்றும் இருந்தது, அன்பானவன் என்றும் இருந்தது. கேஸில் பட்ட அடியில் நான் இந்தத் தடவை அத்தானிடமே கேட்டேன். "அத்தான், இது எந்த கைண்ட்?"

"கைண்டுன்னா கைண்டுதாம்ல! இங்கிலீஷ்ல கேட்டா இங்கிலீஷ்லயே சொல்ல வேண்டியதுதானே?"

சரி, போ என்று அன்பானவனா என்றே கேட்டேன். அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசினார். பாதிதான் எனக்குப் புரிந்தது. பையன் சின்ன வயதில், நொண்டியாகப் பிறந்த ஒரு கன்றுக்குட்டியோடு தொழுவத்திலேயே படுத்துத் தூங்கினானாம். புட்டியில் பால் கொடுத்தானாம். அவர் பேசி முடித்ததும், "அன்பான பையனாம் அத்தான்" என்று மட்டும் சொன்னேன். அத்தான் அகராதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கேள்விகள் தீர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது, மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. அத்தான் கடிகாரத்தை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "ஐ வான்ட் டைம்" என்றார்.

'டைம்' என்பதற்கும் மூன்று வார்த்தை உண்டு, மணிக்கு ஒன்று, தடவைக்கு ஒன்று, அவகாசத்துக்கு ஒன்று. இந்த முறை நான் தப்புச் செய்யவில்லை. அவகாசம் வேண்டும் என்றே சரியாகச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அடுத்த நொடியே தோன்றிவிட்டது. அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எந்த நாட்டில் கேட்டாலும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ராஜபாளையத்தில் என் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பாளே ஒருத்தி, அவளுக்கு நான் போய் என்ன சொல்வது? அத்தான் மேல் எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது.

பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. விடியும் முன்னே எழுந்து பால் கறக்கிற மனிதர், பன்னிரண்டு மணிக்குச் சோறு தின்று பழகிய உடம்பு. என் பக்கம் குனிந்து, இங்கே எப்போது சாப்பிடுவார்கள் என்று பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டார். எனக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

"அத்தான், அவியளுக்குப் பசிக்குதாம்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவன் வாய் திறந்து பசிக்கிறது என்று சொன்ன பிறகு சோறு இல்லை என்று சொல்ல இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் அதிகாரம் கிடையாது. ஸ்டேஷனில் அடைத்து வைத்தவனுக்கே பொட்டலம் வாங்கிக் கொடுத்தவர் அவர். போட்டாலோ, பெண்ணைக் கொடுத்த மாதிரி.

"ஓட்டல்ல பரோட்டா வாங்கியாரச் சொல்லவா?" என்றார் மெல்ல. ஓட்டல் சோறு என்றால் நம் வீட்டு உப்பு ஆகாதாம்.

"வீட்டுல அடுப்பெரியுதப்ப, வந்த சனத்துக்குப் பரோட்டாவா? நல்லாருக்கே நாயம்!" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே இலை போட ஆரம்பித்துவிட்டாள். வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் சமைத்தேன் என்று காலையில் என்னிடம் சொன்னவள், ஒரு பட்டாலியனுக்கே காணும் சாம்பாரை இறக்கி வைத்திருந்தாள். அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயாசம். வாழையிலையைக்கூட நறுக்கித் துடைத்துத் தயாராக அடுக்கியிருந்தாள். போலீஸ் உத்தியோகம் அந்த வீட்டில் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தான் விடவில்லை. அவசர அவசரமாக உள்ளே போய் இரண்டு ஸ்பூனைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தார். என் காதில், "ஸ்பூன்ல தின்னா அது சும்மா டிபன் மாதிரிதான் மாப்ள. முறையில சேராது" என்றார். இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அந்த அம்மா தரையில் சம்மணம் போட முடியாமல் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஸ்பூனை எடுத்து அத்தானிடமே திருப்பி நீட்டினார். பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான், மூன்று மாதமாக வீட்டில் கையால் சாப்பிட்டுப் பழகினேன் என்றார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, சுடச்சுட சாம்பார் ஊற்றின சோற்றுக்குள் விரலை விட்டார். சுட்டது போலிருக்கிறது, கண்ணில் நீர் வந்துவிட்டது. எடுக்கவில்லை. பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்தது. மூன்று மாதப் பழக்கம் அவ்வளவுதான். பெரியவர் பாடு அதைவிட மோசம், தாடையெல்லாம் பருப்பு.

சித்தப்பா தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார். "ஏலே, நம்ம வீட்டுச் சோத்துல கை வச்சாச்சு. பொறவு என்ன டைம், கியம்? ஆக வேண்டியதப் பாரு" என்றார். அன்றைக்கு அவர் பேசினது அவ்வளவுதான்.

அத்தான் ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே நின்றார். அந்த அம்மா மடியில் சிந்தின சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, அவர்களுக்கான கேள்வியை முதல் முறையாகத் தமிழிலேயே கேட்டார்.

"மாப்ள, அந்தம்மாட்ட ஒண்ணு கேளு. எம் பிள்ளைக்கு ராத்திரி மோர் ஊத்தித் தின்னாதான் உறக்கம் வரும். சின்னதுல இருந்தே அப்படித்தான். அங்க மோரு கிடைக்குமான்னு கேளு."

இத்தனை நேரமும் கேஸ், ஸ்டேஷன், கைண்ட் என்று வளைத்து வளைத்து விசாரித்தாரே, அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. அதுவரை அவர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மோருக்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியாது. பால், தயிர், தண்ணீர், உப்பு என்று தக்காளிக்காரி சொல்லித் தந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. பாலா! எங்களிடம் இல்லாத பாலா! அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். ஒரு நாள்கூட இதைக் கேட்டதில்லையே" என்றார். பிறகு, "நான் செய்து கொடுக்கிறேன். உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று அவரையே காட்டச் சொல்" என்றார்.

சொன்னேன். அத்தான் அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பில் தயிரைக் கடைந்து எடுத்துவந்து, தண்ணீர் விட்டு, உப்பை மூன்று விரலால் அள்ளி, அந்த அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக் காட்டிவிட்டுப் போட்டார். டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். அந்த அம்மா குடித்து முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மூன்று விரலையும் குவித்து, இவ்வளவுதானே என்று கேட்பது போல் அத்தானுக்குத் திருப்பிக் காட்டினார். அத்தான் தலையாட்டினார்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லலே. மக போன்ல விசயத்தச் சொன்ன நாள்ல இருந்து இந்த மனுசன் இலை போட்டு உக்காந்ததே இல்ல. அவட்டயும் சொல்லி அழுதேன்" என்றாள்.

தாம்பாளத்தில் ஒரு போன் அடித்தது. என்னுடையதுதான். ராஜபாளையத்தில் இருந்து அக்கா மகள். எடுக்கலாமா என்று அத்தானைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவிடம் இலைக்குக் கையைக் காட்டினார்.

"எடுத்து, அப்பா சாப்பிடுதாருன்னு சொல்லு மாப்ள."

சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.